பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே வேறு கம்ப்யூட்டரில் மாட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் கம்பெனியோ மீன் கம்பெனியோ வைத்திருப்பவர்கள் பில் போடுகிற கம்ப்யூட்டரை மாற்ற அதைவிடத் தோதான சமயம் கிடையாது. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினால் எல்லாம் அப்படியே வந்துவிடும் என்பது பலரின் கணக்கு. பல நேரம் வரவும் செய்யும், பழைய விண்டோஸ் 7-ஐ விட 10-உம் 11-உம் இந்த விஷயத்தில் எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் சாவி, லைசென்ஸ் என்று பாதிச் சங்கதி பழைய மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பெட்டி ஓடுகிறபோதே செய்ய வேண்டியதைச் செய்யாமல் அதை எடைக்குப் போடுவதுதான் முதல் தவறு.

டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கரில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நாம் போடாமலே லேப்டாப்பில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பூட்டின் சாவியைக் காக்கிற, போர்டில் உள்ள டிபிஎம் சிப் மாறியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது முதலில் நுழைந்த மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் கிடக்கும்; விற்ற கடைப் பையன் அவசரத்துக்குத் தன் மெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால், ராமநாதபுரம் டவுனில் அவனைத் தேடி அலைய வேண்டியதுதான். கழற்றும் முன்பே செட்டிங்ஸில் பிட்லாக்கரை அணைத்துவிட்டு, டிஸ்க் முழுதும் பூட்டு நீங்கி முடியும்வரை காத்திருங்கள். விண்டோஸில் நுழையப் போடுகிற பின் (PIN) நம்பரும் அந்தச் சிப்போடு சேர்ந்தது, புது இடத்தில் செல்லாது, அதனால் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருந்தால் பழைய சிஸ்டத்திலேயே லைசென்சை சரண்டர் செய்துவிடுங்கள். பெட்டியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் அந்தப் போர்டுக்கு மட்டும்தான், தனியாக வாங்கிய ரீடெய்ல் என்றால் கூடவே கொண்டுபோகலாம்.

அப்புறம் பூட் மோடு, அதாவது கம்ப்யூட்டர் டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் தொடங்குகிற முறை. பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் லெகசி பயாஸில் ஓடியிருக்கலாம், இப்போது வருகிற பல போர்டுகளில் அதற்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உண்டு, மாட்டினால் பூட் ஆக ஒன்றுமே இல்லை என்று நிற்கும். உடனே பக்கத்தில் இருக்கிறவர் 'ஃபார்மட் போட்டுடலாம்ணே' என்பார், விடாதீர்கள். விண்டோஸ் 10-இல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது, டேட்டாவை அழிக்காமல் டிஸ்க்கை யூஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். ஆனாலும் பேக்கப் எடுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும், மாற்றிய டிஸ்க் பழைய பெட்டியின் லெகசி மோடில் பூட் ஆகாது.

லோகோ வரை வந்து நீலத் திரையில் இன்னாக்சஸிபிள் பூட் டிவைஸ் என்று விழுந்தால் டிஸ்க் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். போர்டு டிஸ்க்கோடு பேசுகிற முறையான சாட்டா மோடு பழையதில் ஏஎச்சிஐ ஆக இருந்து புதியதில் ரெய்டு, விஎம்டி என்று வேறு ஏதாவது இருக்கலாம், பயாஸில் போய் ஒன்றாக்கிப் பாருங்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள சிஸ்டத்தில் விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும், அதைத் தொடங்கி வைக்கிற சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் மற்ற டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கலாம். அப்படியானால் எஸ்எஸ்டியை மட்டும் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை. கழற்றும் முன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து அது எதில் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். கடைசியாக அணைக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய பெட்டியின் நிலையைப் பாதி சேமித்து வைத்திருக்கும்.

நம் கரையில் உப்புக்காற்று வேறு. கனெக்டரில் பச்சை படிந்திருந்தால் பிளேடால் சுரண்டாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், பழைய சாட்டா கேபிளை மட்டும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

விண்டோஸ் 7 டிஸ்க் என்றால் இவ்வளவு மெனக்கெடவே வேண்டாம். டேட்டாவை எடுத்துக்கொண்டு புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தாயிற்று, புதுப் பெட்டி தாங்கும் என்றால் மாட்டி ஓடவிட்ட பிறகு 11-க்கு ஏற்றிவிடுங்கள்.