கழுத்து பொரிகிறவர்கள் ரேசரை ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

“முடி மட்டும் வெட்டுங்கண்ணே, ஷேவ் வேண்டாம்” என்று ஒரு பையன் நாற்காலியில் உட்கார்ந்தால், துண்டைக் கட்டும்போதே கழுத்தைப் பார்த்துவிடுவேன். தொண்டைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கும். வீட்டில் கார்ட்ரிட்ஜ் ரேசர், அதாவது பிளேடு பதித்த தலையை மட்டும் கழற்றி மாற்றுகிற ரகம், வைத்திருப்பான். எதை வாங்கினாலும் ஒத்துக்கொள்ளவில்லை, எந்த கம்பெனி நல்லது என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த வயதில் நாங்களும் கழுத்தைக் கீறிக்கொண்டு திரிந்தவர்கள்தான், அதனால் சிரிப்பதில்லை. காய்ந்த முகத்தில் ஷேவ் செய்யக்கூடாது, அடுத்தவர் ரேசரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுவோம்.

பிளேடு எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

1971-ல் ஜில்லெட்டின் ட்ராக் 2 இரண்டு பிளேடோடு வந்தது. 1998-ல் மாக் 3, மூன்று. 2003-ல் ஷிக் குவாட்ரோ, நான்கு. 2006-ல் ஃப்யூஷன், ஐந்து. ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போனது. பிளேடு கூடினால் ஷேவ் நெருக்கமாக விழும் என்பது உண்மைதான். முதல் பிளேடு முடியை வெட்டும்போதே லேசாக மேலே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. கடைசியில் முடியின் நுனி தோல் மட்டத்துக்கும் கீழே போய்விடும்.

நேரான முடி உள்ளவருக்கு இது வழவழப்பு. சுருள் முடிக்காரருக்கும், கழுத்தில் படுத்தவாக்கில் முடி வளர்கிறவருக்கும் இதுவே வினை. சீவிவிட்ட அந்தக் கூர்நுனி வெளியே வர வழியில்லாமல் தோலை உள்ளிருந்தே குத்தும். நீங்கள் “அலர்ஜி” என்று சொல்லும் பொரியில் பெரும்பாலானது இதுதான். இப்படிப்பட்ட கழுத்துக்கு ஒரு பிளேடோ இரண்டு பிளேடோ போதும். ஜில்லெட்டின் ‘கார்டு’ (Guard) ரேசர் ஒற்றை பிளேடு. அதே கம்பெனியின் ஸ்கின்கார்டில் இரண்டே பிளேடு, நடுவில் தோலைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு தடுப்பு. ஷேவ் முடிந்ததும் கன்னம் கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

புது கார்ட்ரிட்ஜையும் தேய்ந்த கார்ட்ரிட்ஜையும் மோதவிடுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும், ஏனென்றால் காசு போவது இங்கேதான். இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன், பிளாஸ்டிக் பை நிறைய ரேசர் கைப்பிடிகளைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் கொட்டினான். “எல்லாம் ட்ரை பண்ணிட்டேன்ணே, கடைசியா வாங்குன இதுதான் பெஸ்ட். ஆனா இதுவும் இப்ப எரிய ஆரம்பிச்சிருச்சு.” ஒன்றின் கார்ட்ரிட்ஜ் மற்றொன்றில் மாட்டாது. ஒவ்வொரு தடவையும் கைப்பிடியோடு சேர்த்துப் புதிதாக வாங்கியிருக்கிறான்.

அந்த “பெஸ்ட்” ரேசரை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மேலே இருந்த வழுக்குப் பட்டை வெளுத்து, ஓரத்தில் உரிந்து நின்றது. பிளேடுகளுக்கு நடுவே போர் தண்ணீர் உப்பும் சோப்பும் பொடி முடியும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. எத்தனை ஷேவ் ஆச்சு என்று கேட்டால், “அதெல்லாம் ஞாபகம் இல்லண்ணே, ரீஃபில் விலை அப்படி.”

நடந்தது இதுதான். முதல் ரேசரை அது மழுங்கும்வரை தேய்த்திருக்கிறான். கழுத்து எரிந்ததும் கம்பெனி சரியில்லை என்று வேறு வாங்கியிருக்கிறான். புதுசு முதல் நாள் வெண்ணெயாகத்தான் ஓடும், எதுவாக இருந்தாலும். அதை வைத்து “இது என் தோலுக்கு ஒத்துப்போகுது” என்று முடிவு. அதுவும் தேய்ந்ததும் அடுத்தது. அவன் ஒப்பிட்டதெல்லாம் புதுசையும் பழசையும்தான். அந்தப் பையில் அவன் முதலில் ஒதுக்கிய கைப்பிடியை எடுத்துக்கொடுத்து, புது கார்ட்ரிட்ஜ் போட்டுப் பார் என்றேன். அடுத்த முறை வந்தபோது எரிச்சல் பாதி குறைந்திருந்தது. மீதிப் பாதி, அது ஐந்து பிளேடு என்பதால்.

முடி மெல்லிசு, இரும்பை என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். முடியைவிட பிளேடு எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடி வளைந்து குறிப்பிட்ட கோணத்தில் பட்டால் பிளேடின் ஓரத்தில் நுண்ணிய சில்லு தெறிக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்கள். ஓரம் அப்படிப் பல்பல்லாகப் போனபிறகு அது முடியை வெட்டுவதைவிடப் பிடித்து இழுப்பதுதான் அதிகம். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 5 முதல் 7 ஷேவுக்குள் பிளேடை மாற்றச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குக் கட்டுப்படியாகாத ரேசரை ஆரம்பத்திலேயே வாங்காதீர்கள். விலை அதிகமான மழுங்கல் பிளேடைவிட, விலை குறைந்த புது பிளேடு உங்கள் கழுத்துக்கு நல்லது.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டிலும் புது கார்ட்ரிட்ஜ் போடுங்கள். ஒரே நாள், ஒரே கிரீம், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. அடுத்த ஷேவில் பக்கத்தை மாற்றுங்கள். வலக்கைக்காரருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கை விழாது, அதனால்தான்.

சூழ்நிலை மாறினால் ஒப்பீடு எப்படிப் பொய்யாகும் என்பதற்கு ஜில்லெட்டே சாட்சி. இந்தியாவுக்காகச் செய்த வெக்டர் ரேசரை, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். இங்கே பலர் ஒரு குவளைத் தண்ணீரில் ஷேவ் செய்கிறவர்கள். அடைத்த முடி வெளியே வரவில்லை. அப்புறம் ஆட்கள் இங்கே வந்து, வீடுகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய், 2010-ல் மேலே சொன்ன ‘கார்டு’ ரேசரை இறக்கினார்கள். அப்போது ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். நீங்களும் உங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும், விளம்பரத்துக் குளியலறையில் அல்ல.

ஷேவ் முடிந்த கையோடு மார்க் போடுவது

தடவிப் பார்த்து “சூப்பர்” என்பது கன்னத்துக்குச் சரி. கழுத்தின் தீர்ப்பு இரண்டு, மூன்று நாள் கழித்து வரும். முடி உள்ளே வளர்ந்து பொரிய அவ்வளவு நேரம் ஆகும்.

கிரீமையும் ரேசரையும் ஒன்றாக மாற்றுவது

எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

அழுத்துவது

தலை தானாக அசைகிற ரேசரை ஏன் அழுத்துகிறீர்கள்?

வழுக்குப் பட்டையை மருந்து என்று நம்புவது

கற்றாழை, வைட்டமின் ஈ என்று அட்டையில் எழுதியிருக்கும். அந்தப் பட்டை வழுக்கிக்கொண்டு போவதற்கு. அவ்வளவுதான்.

முடி வளரும் திசையைப் பார்க்காமல் ஒப்பிடுவது

கழுத்தில் எல்லோருக்கும் முடி கீழ்நோக்கி வளர்வதில்லை. சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குத் தொண்டைக் குழியிலிருந்து மேல்நோக்கி. இரண்டு நாள் வளர்ந்த முடியை விரலால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவும்போது விரல் வழுக்குகிறதோ அந்தப் பக்கம்தான் ரேசர் போக வேண்டும். ஒரு ரேசரை முடி போகிற திசையிலும் இன்னொன்றை எதிர்த்திசையிலும் இழுத்துவிட்டு, எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பொரிந்திருக்கும்போதே சோதிப்பது

புண்பட்ட தோலில் எந்த ரேசரும் தோற்கும். தோல் அடங்கும்வரை ட்ரிம்மரில் ஒட்ட வெட்டாமல் லேசாக விட்டுவைத்து, அப்புறம் ஆரம்பியுங்கள். சீழ் வைத்தாலோ, பொரி கறுத்துத் தடித்துப்போனாலோ தோல் டாக்டரிடம் போக வேண்டும். அந்தக் கழுத்தில் நானே கத்தி வைக்க மாட்டேன்.