மாம்பழப் படங்களை எல்லா கோரிலும் எண்ணலாம்: ஓப்பன்எம்பி புதிய பதிப்புகள் தரும் வசதி

கிருஷ்ணகிரியில் சீசன் வந்துவிட்டால் கூழ் ஆலைகளுக்கு லோடு லோடாகப் பெங்களூரா மாம்பழம் போகும். பழம் எது, காய் எது என்று படத்தின் நிறத்தை வைத்துச் சொல்ல ஒரு சி நிரல் எழுதினேன். பச்சை மதிப்பு 0 முதல் 255 வரை ஒவ்வொன்றும் எத்தனை பிக்சலில் இருக்கிறது என்று எண்ணும். ஆனால் செயலியின் ஒரே கோரில்தான் (கணக்கிடும் பகுதியில்தான்) ஓடியது. ஒரு நிரலின் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க உதவும் ஓப்பன்எம்பியைக் கொண்டு அதை இப்படி மாற்றினேன்.

1. கம்பைலருக்கு ஜிசிசி போதும். தொடங்குபவர்களுக்கு வேறெதையும் சொல்லமாட்டேன். 'எஃப்ஓப்பன்எம்பி' கொடியை விட்டுவிட்டால் பிழை வராது, ஆனால் வேகமும் வராது.

2. படங்களைச் சுற்றும் லூப்புக்கு மேல் 'ப்ராக்மா ஓஎம்பி பேரலல் ஃபார்' எழுதுங்கள். படங்களின் அளவு வேறுபட்டால் 'ஷெட்யூல் டைனமிக்' சேருங்கள்.

3. சிக்கல் இங்கேதான். எண்ணிக்கையை வைத்திருக்கும் 256 கட்ட அரே எல்லா த்ரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பிரிவுகளுக்கும்) பொது. ஒரு கட்டத்தில் 41 இருக்கிறது. இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஆளுக்கு ஒன்று கூட்டி, இரண்டுமே 42 என்று எழுதும். ஒரு பிக்சல் கணக்கில் காணாமல் போகும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை மாறும். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் 'கிரிட்டிக்கல்' போட்டால் விடை சரியாகும். ஆனால் த்ரெட்டுகள் வரிசையில் நிற்கும், வேகம் போய்விடும்.

2015 நவம்பரில் வந்த ஓப்பன்எம்பி 4.5 பதிப்பு இதைத் தீர்த்தது. சி-யிலும் அரேயை 'ரிடக்‌ஷன்' உள்ளே கொடுக்கலாம். ஒவ்வொரு த்ரெட்டும் தன் நகலில் எண்ணும். கடைசியில் எல்லாம் கூட்டப்படும். 'மாலாக்' மூலம் (நிரல் ஓடும்போது நினைவகம் கேட்டு) வாங்கிய அரே என்றால், பெயருக்குப் பின் சதுர அடைப்பில் முக்காற்புள்ளியும் 256-உம் எழுதியே ஆக வேண்டும்.

4. 2018-இல் வந்த 5.0, சி பிளஸ் பிளஸ்ஸின் ரேஞ்ச் ஃபார் லூப்பையும் (எண்ணி எழுதாமல் பட்டியலை நேரடியாகச் சுற்றுவது) ஏற்றுக்கொள்கிறது. பழைய நிரலைத் திருத்தும் வேலை மிச்சம். 6.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது; அதற்காகக் காத்திருக்காதீர்கள், கம்பைலர்கள் மெல்லத்தான் பின்தொடரும். அப்புறம், கம்பைலர் தன் ஓப்பன்எம்பி பதிப்பை எண்ணாகச் சொல்லும் பதிப்பு மேக்ரோவை மட்டும் நம்பவேண்டாம். உபுண்டு 24.04-இன் ஜிசிசி 13, 5.0 வசதிகள் பலவற்றைச் செய்தாலும் 201511, அதாவது 4.5 என்றே காட்டும். வசதியைச் சின்ன நிரலில் ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

பின்சேர்க்கை: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகப் பிழையால் நிரல் நின்றுபோவது) வருகிறது என்று அரூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். 256 × 256 × 256 என்று பெருக்கினால் சுமார் 1.68 கோடிக் கட்டங்கள். ஒவ்வொரு நகலும் 64 எம்பி. அந்த நகல் வைக்கப்படும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியோ வழக்கமாக 8 எம்பி. ஸ்டாக்கைப் பெரிதாக்குவதைவிட நிறத்துக்கு 32 நிலைகளாகக் குறையுங்கள் தம்பி. 128 கேபியில் முடிந்துவிடும், பழம் பிரிக்க அது தாராளம்.