பயிற்சிக்குத் தோட்டா வாங்கும்போது எங்கே தப்பு நடக்கிறது

பேச்சு வழக்கில் தோட்டாவும் குண்டும் ஒன்றுதான். சுடுதளத்தில் அப்படி இல்லை. கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போய் இலக்கைத் தொடுவது குண்டு மட்டும். இது பிடிபடாதவர்கள் பெட்டியில் "124 கிரெயின்" என்று பார்த்ததும், மருந்து கூடுதலாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது குண்டின் எடை. ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு, "உள்ளே போகிறதே, அப்போ பொருந்தும்" என்று முடிவு செய்வது. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம். ஆனால் .38 ரிவால்வரில் .357 தோட்டாவைப் போட்டுப் பார்க்கக் கூடாது. 5.56 நேட்டோ தோட்டா .223 ரெமிங்டன் துப்பாக்கிக்குள் போய் உட்காரும், ஆனால் அதைச் சுடும்போது எழும் அழுத்தம், தோட்டா உட்காரும் அந்த அறைக்கு அளவு மீறியதாக இருக்கலாம். ஷாட்கன்னில் இன்னும் மோசம். அங்கே குழலின் அளவைச் சொல்வது கேஜ், எண் கூடினால் குழல் சிறியது. 12 கேஜ் துப்பாக்கியில் தெரியாமல் 20 கேஜ் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே பிளந்துவிடும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

அடுத்தது வேக மோகம். பயிற்சிக்கான சிறிய தோட்டாவான .22 எல்.ஆர். வாங்கப் போகிறவர் வேகம் அதிகமானதே உசத்தி என்று எடுத்து வருகிறார். காகித இலக்குக்கு இது பெரும்பாலும் தலைகீழ். சாதாரண வேகத் தோட்டாவின் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டரில் கிளம்பும். ஒலியின் வேகம் 340ஐ ஒட்டியது என்பதால் அது கடைசிவரை ஒலிக்குக் கீழேயே போகிறது. அதிவேகத் தோட்டா ஒலியைத் தாண்டிக் கிளம்பி, போகிற வழியில் அதற்குக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில்தான் குண்டு தள்ளாடுகிறது. ஒன்று மட்டும்: சில தானியங்கித் துப்பாக்கிகள் மெதுவான தோட்டாவில் சரியாக ஓடாது, அடிக்கடி சிக்கும். அங்கே வேகமானதுதான் கதி.

அதிகம் பேர் கோட்டை விடுவது குழலின் விருப்பத்தை. ஆமாம், விருப்பம் என்றுதான் சொல்வேன். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கிகள் எடுத்தாலும், ஒன்றில் கூட்டமாக விழும் தோட்டா இன்னொன்றில் சிதறும். ஒரே பிராண்டுக்குள்ளும் லாட்டுக்கு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குத் தொகுதி, மாறும். அதனால் நண்பர் சொன்னார் என்று மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி போதும். சோதிக்கும்போதும் மூன்று தடவை சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம், அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். துப்பாக்கியை அசையாமல் ஒரு தாங்கியில் வைத்துப் பத்துப் பத்தாக, இரண்டு மூன்று தடவை சுட்டால்தான் உண்மை தெரியும். .22இல் பிராண்டை மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய குண்டின் மெழுகு போய்ப் புதியது குழலில் படிய வேண்டும். பிடித்த லாட் கிடைத்துவிட்டால், அப்புறம் அதே லாட் எண்ணில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்கிவிடலாம்.

காற்றுத் துப்பாக்கிக்கும் இதே கதை, அங்கே தோட்டா கிடையாது, ஈயப் பெல்லட்தான். 10 மீட்டர் போட்டிக்குத் தட்டைத் தலைப் பெல்லட்டை எடுப்பது காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை விழுவதற்காக. துளை பிசிறடித்தால் புள்ளி தகராறாகும். ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர் பொட்டு. பெல்லட் தலையின் அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வரும்போது, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். சுட்டுப் பார்த்தால் தெரியும்.

பயிற்சிக்கு வலுவான தோட்டா எடுப்பதும் வேண்டாத வேலை. ஷாட்கன்னில் களிமண் தட்டு சுடுபவர்கள் உலகப் போட்டியிலேயே 24 கிராம் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். புதிதாகக் கற்பவருக்குக் கனமான தோட்டாவைக் கொடுத்தால், தோளில் அடி விழும் பயத்தில் விசையை இழுக்கும் முன்பே உடம்பு பதறத் தொடங்கும். அந்தப் பழக்கத்தை ஒழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

விலையைப் பார்த்து வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. முன்பின் தெரியாதவர் மறுபடி நிரப்பிய தோட்டாக்களை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மருந்து குறைந்திருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் "பொத்"தென்று வித்தியாசமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாமல் நிறுத்திக் குழலைப் பாருங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 நொடியாவது காத்திருங்கள். பழைய ராணுவச் சரக்கு சிலவற்றில் பிரைமரின் உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும், எண்ணெய் மட்டும் தடவினால் அது போகாது, தண்ணீர் விட்டே கழுவ வேண்டும்.

இரும்பு கலந்த குண்டுகளைப் பல உள்ளரங்கச் சுடுதளங்கள் அனுமதிப்பதில்லை. பின்சுவரைக் கெடுக்கும், பொறி பறக்கும். கிளம்பும் முன் குண்டின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அந்தப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.