ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தபோதுதான் புரிந்தது

என் பழைய டீசல் கார் சிக்னலில் நின்றாலே டெம்பரேச்சர் முள் ஏறும். ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடும். ஃபேன் சரியாகவே சுற்றியது. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், பலனில்லை. இதிலேயே 3 நாள் போனது.

என்ஜின் நன்றாக ஆறியதும் ரேடியேட்டரின் அடித்திருகைக் கழற்றினால் செங்கல் நிறத் தண்ணீர். யாரோ போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். தெளிவாக வரும்வரை அலசினேன், கடைசி முறை டிஸ்டில்டு வாட்டரில். அலசிய தண்ணீரில் ஒரு பகுதி என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினால் இன்னும் நீர்த்துப்போகும். அதனால் கொள்ளளவு 6 லிட்டரில் பாதிக்கு, அதாவது 3 லிட்டர், கலக்காத கூலன்ட்டை முதலில் ஊற்றி, மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டேன்.

ஆனால் முள் முன்பைவிட வேகமாக ஏறியது! ஹீட்டரைப் போட்டேன். முள் மேலே நிற்கிறது, காற்றோ குளிர்ச்சியாக வருகிறது. அப்படியென்றால் சூடான கூலன்ட் ஹீட்டருக்குப் போகவில்லை; அது ஓடும் பாதையில் காற்று அடைத்திருக்கிறது.

மறுபடி முழுக்க ஆறவிட்டு, முன்பக்கம் உயரும்படி வாசல் சரிவில் நிறுத்தினேன். மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஐடிலில் ஓடவிட்டேன். குமிழ் குமிழாக வந்தது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். குமிழ் நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்ததும் மூடினேன். அப்பாடா, இப்போது முள் நடுவில் அசையாமல் நிற்கிறது.