சுண்ணாம்புக்கல்லில் சிப்பி கிடைத்தால் முதலில் நடுக்கோட்டைப் பாருங்கள்

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். மலாயில் 'சிப்புட்' என்றால் நத்தை. ஊர்ப்பேரிலேயே ஓடு இருக்கிறது! கிந்தா பள்ளத்தாக்குப் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் பழங்காலக் கடலடியில் படிந்தவை, 25 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. கருங்கல்லின் சூட்டில் பல இடங்களில் பளிங்காக மாறிவிட்டதால் புதைபடிவ ஓடு தெளிவாகக் கிடைப்பது அபூர்வம்.

மலையைக் கொத்தாதீர்கள். அனுமதி உள்ள இடத்தில், உதிர்ந்து கிடக்கும் கல்லை மட்டும் எடுங்கள். எடுக்குமுன் அளவு தெரிய பக்கத்தில் 20 சென் காசு வைத்துப் படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பல் துலக்கியால் தண்ணீரில் தேயுங்கள். ஓடு இல்லாத மூலையைக் கத்தியால் சுரண்டி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல்தான். நான் முதல் கல்லை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் சிப்பியின் வரிகள் பாதி கரைந்திருந்தன.

அடுத்ததுதான் முக்கியம். கடையில் லாலா (சமையலுக்கு வாங்கும் சிறு சிப்பி) வாங்கும்போது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஓடும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஆனால் ஒரே ஓட்டின் நடுவில் கோடு போட்டால் இரு பாதியும் ஒத்துவராது, மூக்கு (ஓடுகள் இணையும் பக்கத்தில் புடைத்திருக்கும் முனை) ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அது இரட்டை ஓட்டுச் சிப்பி. இதற்கு நேர்மாறு பிராக்கியோபோடு என்ற வேறொரு கடல் உயிரி: ஒவ்வோர் ஓடும் நடுக்கோட்டின் இரு பக்கமும் சமம், ஆனால் ஓர் ஓடு பெரிது, மற்றது சிறிது. பெரிய ஓட்டின் மூக்கில் சில சமயம் சின்னத் துளையும் தெரியும். இவ்வளவு பழைய கல்லில் பிராக்கியோபோடு கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். பார்வைக்குச் சிப்பி போலவே இருக்கும், நெருங்கிய உறவு கிடையாது.

சுருள் தெரிந்தால் உள்ளே குறுக்குச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நத்தை, இருந்தால் பெரும்பாலும் அம்மோனைட் வகை (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரி). பட்டன் மாதிரி வட்ட வட்டமாக இருந்தால் அது சிப்பியே அல்ல, கடல் அல்லி என்ற விலங்கின் தண்டுத் துண்டு.

அப்புறம் ஒரு ஏமாற்று வேலை. குகை ஓரத்தில் மஞ்சள் மண்ணோடு இறுகிய, உள்ளே காலியான வெளிர் ஓடுகள் கிடைக்கும். அவை இந்த மலையிலேயே வாழ்ந்த நில நத்தைகள்; கடலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நான் இரண்டு வருஷம் அப்படி ஒன்றை அலமாரியில் வைத்திருந்தேன்.