பஸ்ல வியட்நாம் போறவங்க இந்த ஒரு வரிய செக் பண்ணிக்கோங்க

கம்போடியாவுக்கு டாட்டா சொல்லிட்டு புனோம் பென்ல இருந்து பஸ்ல ஹோ சி மின் சிட்டி போகலாம்னு பிளான், வியட்நாம் இ-விசா கையில இருக்கு, ஆனா பஸ் கவுண்டர்ல பிரிண்ட்அவுட்ட பாத்துட்டு "இதுல ஏத்த முடியாது"ன்னுட்டாங்க. காரணம் சொல்லல.

நம்ம ஊர் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும்ல, அதான் பிரச்சனைன்னு நெனச்சு ஒரு நாள் வீணாப்போச்சு. ரெண்டாவது நாள் ஒரு ஏஜென்ட் பிடிச்சேன், அவர் பணத்த பத்தி மட்டும்தான் பேசுனார். மூணாவது நாள் விசாவ நானே வரி வரியா படிச்சா, நுழையிற இடம்னு ஹோ சி மின் சிட்டியோட டான் சோன் நாட் ஏர்போர்ட் போட்டிருக்கு! முதல்ல ஃபிளைட்ல போற ஐடியால நானே செலக்ட் பண்ணினது.

அப்ரூவ் ஆனத திருத்த வழி கிடைக்கல, அதனால புதுசா அப்ளை பண்ணேன், சிங்கிள் என்ட்ரி 25 டாலர். இங்கதான் இன்னொரு கூத்து, நுழையிற இடம் லிஸ்ட்ல, பஸ் தாண்டுற பார்டரான பாவெட்ட தேடு தேடுன்னு தேடுறேன், இல்லவே இல்ல. பாவெட்ங்கிறது கம்போடியா பக்கத்து பேரு, அதே பார்டருக்கு வியட்நாம் பக்கம் மொக் பாய்னு பேரு, அதுவும் ஏர்போர்ட்டுக்கெல்லாம் கீழ தரைவழி பகுதில இருக்கு. மூணு வேலை நாள்னு போட்டிருந்துச்சு, நடுவுல சனி ஞாயிறு வேற. கம்போடியா விசா 30 நாள் முடிஞ்சா தினம் 10 டாலர் ஃபைன்னு வேற பயம், நல்லவேளை ரெண்டு நாள் மிச்சம் இருக்கும்போதே வந்துருச்சு.

அதே கவுண்டர், அதே ஆளு, மொக் பாய்ங்கிற எழுத்த மட்டும் விரல் வச்சு பாத்துட்டு டிக்கெட் கிழிச்சு குடுத்துட்டார்.