விலை குறைந்த முதிர்ந்த டெக்கீலாவைச் சுவைத்து மதிப்பிடும் முறை

சென்னையில் டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவின் பெயரைச் சொன்னதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது உப்பும் எலுமிச்சைத் துண்டும் ஒரே மடக்கில் விழுங்குவதும்தான். ஓக் மரப்பீப்பாயில் முதிர்ந்த டெக்கீலாவுக்கு இந்தப் பழக்கம் சற்றும் பொருந்தாது. உப்பும் புளிப்பும் நாக்கை மூடிவிட, ஒரே மடக்கில் விழுங்குவது மணத்தை மூக்குக்கு எட்டாமலே செய்துவிடுகிறது. கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதே தெரியாமல் போய்விடும். பெரிய விலை கொடுக்க இயலாதவர்தான் அதிகம் கவனித்துச் சுவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் குறைந்த விலைப் புட்டிகளுக்கு இடையேதான் தரத்தின் ஏற்றத்தாழ்வு மிகுதி. அவற்றை எடைபோட ஒரே கேள்வி போதும்: மரத்தின் மணத்துக்கு அடியில் அகாவேயின் மணம் இன்னும் இருக்கிறதா?

அகாவே என்பது பார்வைக்குக் கற்றாழையைப் போன்ற, ஆனால் வேறு குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதில் நீல அகாவே என்ற வகையிலிருந்து மட்டுமே டெக்கீலா தயாரிக்கலாம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம் முழுவதிலும், வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் உருவானது மட்டுமே அந்தப் பெயரைத் தாங்கலாம். செடி முதிர ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். இலைகளைச் சீவி எடுத்த நடுத்தண்டை வேகவைத்து, நசுக்கி, சாற்றை நொதிக்கவிட்டுக் குறைந்தது இருமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மரம் வருகிறது. இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் ஓக் மரத்தில் இருந்தால் ரெப்போசாடோ. 600 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் ஓராண்டாவது இருந்தால் அன்யேஹோ. மூன்று ஆண்டுகளைக் கடந்தால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. கடைசி வகை 2006இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. பத்தாண்டு, பன்னிரண்டாண்டு என்று விஸ்கியில் எண்ணிப் பழகியவர்களுக்கு ஓராண்டு அற்பமாகத் தோன்றலாம். அகாவேயின் மணத்தை மரம் விரைவில் மூடிவிடும் என்பதால், இங்கே குறைந்த காலத்தைக் குறையாகக் கொள்ளக் கூடாது.

கடையில் புட்டியைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். ‘100% அகாவே’ என்ற பொருள்படும் ஸ்பானியச் சொற்றொடர் முகப்பில் இல்லாமல் வெறுமனே டெக்கீலா என்று மட்டும் இருந்தால், அதன் சர்க்கரையில் 51 விழுக்காடு மட்டும் அகாவேயிலிருந்து வந்திருந்தாலே போதும் என்று பொருள். மீதி கரும்பிலிருந்தோ வேறு மூலத்திலிருந்தோ வந்திருக்கலாம். இதை மிக்ஸ்டோ என்பார்கள். ‘கோல்டு’ என்ற பெயரில் பொன்னிறமாக மின்னும் பல புட்டிகள் இந்த வகைதான். அந்த நிறம் பீப்பாயிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுக்க அகாவேயால் ஆனது, டெக்கீலா என்ற பெயருக்கு உரிமையுள்ள மேற்சொன்ன பகுதிக்குள்ளேயே புட்டியில் அடைக்கப்பட வேண்டும். மிக்ஸ்டோவை மொத்தமாக ஏற்றுமதி செய்து வேறு நாட்டில் அடைக்கவும் விதி இடம் தருகிறது. அடுத்ததாக, என்.ஓ.எம். என்ற எழுத்துகளோடு வரும் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். அது வடிசாலையின் எண். ஒரே வடிசாலை பல வணிகப் பெயர்களில் விற்பதால், பிடித்த டெக்கீலாவின் எண்ணைக் குறித்துவைத்தால், அதே இடத்தில் உருவான, இன்னும் மலிவான வேறொரு புட்டியை அடையாளம் காண முடியும்.

சென்னையில் தேர்வு விரிவானதல்ல. டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் சில பெயர்கள்தாம் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் சுங்க விதிப்படி ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம் என்பதால் விமான நிலையக் கடை இன்னொரு வழி. முழுப் புட்டிக்குப் பணம் போடுமுன், உரிமம் பெற்ற ஓட்டல் பாரில் 30 மில்லி வாங்கி, ஐஸும் எலுமிச்சையும் வேண்டாம் என்று சொல்லிச் சுவைத்துப் பார்ப்பது நல்ல சிக்கனம். தமிழ்நாட்டில் 21 வயது நிறைந்தவருக்குத்தான் மது என்பதையும், சுவைக்கும் நாளில் வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுவைக்கும் இடம் நம் ஊரில் தனிக் கவனம் கேட்கிறது. அறை வெப்பத்தில் பரிமாறுக என்று எழுதியிருப்பது 20 டிகிரி அளவைக் கருதி. அக்னி நட்சத்திரத்து மாலையில் நம் வீட்டுக்கூடம் 34 டிகிரியில் இருந்தால், கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோவதற்குள் ஆல்கஹால் குப்பென்று ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஏசி அறையில் புட்டியை ஒரு மணி நேரம் வைத்திருங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் மணத்தை அமுக்கிவிடும். சாம்பிராணி, மல்லிகைச் சரம், வாசனைத் தைலம், அடுப்பில் கொதிக்கும் சாம்பார் எதுவும் அருகில் வேண்டாம். ஃபில்டர் காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். இரவு உணவுக்கு முந்தைய வேளை ஏற்றது, ஆனால் வெறும் வயிறாக இருக்க வேண்டாம். இடையிடையே நாக்கைத் துலக்கத் தண்ணீரும், உப்பும் காரமும் சேராத பொரியும் போதும். கண்ணாடிக் கிண்ணம் அடி அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். சிறிய ஒயின் கிண்ணம் பொருந்தும், ஷாட் கிண்ணம் பொருந்தாது. 15 மில்லிக்கு மேல் ஊற்றத் தேவையில்லை.

ஊற்றியதும் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கிண்ணத்தை முகவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹாலின் குத்தல் குறையும். முதலில் தேட வேண்டியது வெந்த அகாவேயின் மணம்: ஆவியில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலை உரிக்கும்போது எழும், மண்ணும் இனிப்பும் கலந்த அந்த வாசனைக்கு மிக அருகில் இருக்கும். அதைச் சுற்றி மிளகு, எலுமிச்சைத் தோல், பச்சிலை ஆகியவை வரலாம். மரத்திலிருந்து வருபவை வேறு: வெண்ணிலா, லவங்கப்பட்டை, கிராம்பு, கருகிய சர்க்கரை, சிறிது புகை. அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பழைய பீப்பாய்களையே பல வடிசாலைகள் பயன்படுத்துவதால் வெண்ணிலா ஓரளவு இயல்புதான். நகப்பூச்சு நீக்கியின் நெடி மூக்கைத் தாக்கினால் காய்ச்சி வடிக்கும்போது முதற்பகுதியைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று ஐயப்படலாம். நனைந்த அட்டையின் வாடை, கந்தக வாடை ஆகியவையும் குறைகளே.

முதல் துளி நாக்கைப் பழக்குவதற்கு; அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இரண்டாவது மடக்கை வாயில் எல்லாப் பக்கமும் பரவவிட்டு, பத்து நொடி வைத்து, விழுங்கிய பின் (அல்லது தனிக் குவளையில் உமிழ்ந்த பின்) வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விடுங்கள். நல்ல டெக்கீலா தன் உண்மையைச் சொல்வது இந்த மூச்சில்தான். அகாவே முன்னால் வந்து, நடுவில் மரம் சேர்ந்து, இறுதியில் மிளகின் காரத்தோடு அகாவே மீண்டும் தலைகாட்டினால் புட்டி விலைக்கு மேல் உழைக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை வெண்ணிலா ஐஸ்கிரீம் ஒன்றே தெரிந்தால் ஏமாற வேண்டாம். ரெப்போசாடோவிலும் அன்யேஹோவிலும் கேரமல் நிறமி, ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை ஒரு விழுக்காடு வரை, முகப்பில் குறிப்பிடாமலே சேர்க்க மெக்சிகோவின் விதிகள் இடம் தந்திருக்கின்றன. ‘100% அகாவே’ என்ற சொல் இதைத் தடுப்பதில்லை. இது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றாலும், முதிர்வுக்குக் காசு வாங்கிக்கொண்டு பாகைக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

இதைக் கண்டுகொள்ள எளிய சோதனைகள் சில உண்டு. ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு இரு கைகளையும் நன்றாகத் தேய்த்து உலரவிடுங்கள். தோல் பிசுபிசுத்தால் இனிப்புச் சேர்க்கை இருக்கக்கூடும். உதட்டில் இனிப்பு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் போகாமல் இருப்பதும் அத்தகைய அறிகுறி. காலியான கிண்ணத்தைக் கழுவாமல் மூடிவைத்து மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள்: வெந்த அகாவேயும் உலர்ந்த மரமும் மிஞ்சினால் நன்று, மிட்டாய்க் கடை வாசனை மட்டும் மிஞ்சினால் சந்தேகம் வலுப்படும். இவை எவையும் ஆய்வகச் சான்று ஆகா. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் நம்புங்கள். நான்கைந்து துளி தண்ணீர் சேர்த்து மீண்டும் முகர்வதும் பயன் தரும். சரியாக உருவானது அப்போது விரிந்து புது மணம் காட்டும், ஒப்பனையில் நிற்பது அங்கேயே சரிந்துவிடும்.

முடிந்தால் அதே நிறுவனத்தின் பீப்பாய் காணாத பிளாங்கோவை ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். மரம் எதைச் சேர்த்தது, எதை அழித்தது என்பது அந்த ஒப்பீட்டில் வெளிச்சமாகும். விலை மனத்தில் ஓடாமல் இருக்க, வீட்டில் இன்னொருவரை ஊற்றச் சொல்லி, கிண்ணத்தின் அடியில் எண்ணிட்டு மறைத்துச் சுவைப்பது சிறந்தது. குறிப்பை அப்போதே எழுதுங்கள். எண்களால் மதிப்பெண் போடுவதை விட, ‘அகாவே தெரிந்தது, மரம் மிகை, முடிவு (விழுங்கிய பின் வாயில் நிற்கும் சுவை) குறுகியது’ என்று மூன்று சொற்றொடர் எழுதினால் அடுத்த முறை கடையில் நிற்கும்போது உதவும்.

மலிவான புட்டியிடம் எதை மன்னிக்கலாம்? முடிவு விரைவில் மறைவதையும், ஆல்கஹால் சற்று முந்திக்கொள்வதையும், மணத்தில் அடுக்குகள் குறைவாக இருப்பதையும் நான் மன்னிப்பேன். அகாவேயே இல்லாததை மன்னிக்க மாட்டேன். இந்த அளவுகோலில் பார்த்தால், கிட்டத்தட்ட ஒரே விலையில் ரெப்போசாடோவும் அன்யேஹோவும் இருக்கும்போது பெரும்பாலும் ரெப்போசாடோவை எடுப்பதே மேல். ஓராண்டு பீப்பாயில் பூட்டிவைப்பதற்குச் செலவு உண்டு; அந்தச் செலவுக்குப் பின்னும் மலிவாக விற்கப்படும் அன்யேஹோ, மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ எங்கேயாவது சுருக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிடாமல், ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை சுவைத்து முதற்குறிப்போடு ஒப்பிடுங்கள். அதுவரை புட்டியை நிமிர்த்தியே, வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். படுக்கவைத்தால் கார்க் கெடும். புட்டிக்குள் டெக்கீலா மேலும் முதிராது. பாதிக்குக் கீழே இறங்கியதும் நன்றாக உலர்ந்த சிறிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றினால், சென்னை வெப்பத்திலும் அதன் மணம் சில மாதங்கள் தாங்கும்.